ஆகஸ்ட் 15, ஜனவரி 26: சொல்லிவரும் கதைகளும் நடந்த வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தாலே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுதந்திர தினச் செய்திகள் வரிசை கட்டும். முழு உண்மை, அரை உண்மை, அப்பட்டமான கற்பனை எல்லாம் கலந்தே வரும். அதையே பிள்ளைகள் மனப்பாடம் செய்து பள்ளி மேடையில் பேசுகிறார்கள். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறை உண்டு. பல ஊர்களில், பல ஆண்டுகளாக, பல பேர் சேர்ந்து செய்த காரியத்தை ஒரு ராத்திரிக்குள்ளும் ஒருவர் கைக்குள்ளும் அடக்கிவிடுகின்றன. அதில் காணாமல் போகிறவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அடிக்கடி காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவில் செங்கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டு நேரு மூவர்ணக் கொடியை ஏற்றினாரா?

இல்லை. நாள், நேரம், இடம் மூன்றுமே தவறு. கொடி இறக்கும் சடங்கு நடக்கவே இல்லை.

நள்ளிரவில் நடந்தது அரசியல் நிர்ணய சபையின், அதாவது அரசியல் சட்டம் எழுத அமைந்த சபையின் கூட்டம். நாடாளுமன்றத்தின் பழைய வட்டக் கட்டடத்தில், 14ஆம் தேதி இரவு 11 மணிக்கு ராஜேந்திர பிரசாத் தலைமையில் தொடங்கியது. சுசேதா கிருபளானி வந்தே மாதரம் பாடினார். நேரு பேசினார். ராதாகிருஷ்ணன் மணி பன்னிரண்டை நெருங்கும்வரை பேசினார். பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும் உறுப்பினர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள், சங்கு முழங்கியது. அதன்பின் ஹன்சா மேத்தா இந்தியப் பெண்கள் சார்பில் தேசியக் கொடியைச் சபைக்கு வழங்கினார். அந்த இரவில் கொடி வந்தது ஒரு பெண்ணின் கையால் என்பதை எத்தனை பள்ளி விழாக்களில் சொல்கிறோம்?

மறுநாள் காலை அதே கட்டடத்தின் மேல் கொடி ஏறியது. மாலையில் இந்தியா கேட் அருகே பிரின்சஸ் பூங்காவில் பெரிய விழா ஏற்பாடாகியிருந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஜனம் திரண்டுவிட, திட்டமிட்ட அணிவகுப்பை நடத்த இடமே இல்லை. கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டனால் குதிரை வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. வண்டியில் நின்றபடியே கொடிக்கு வணக்கம் செலுத்தினார். கொடி மேலே போனபோது வானவில் தோன்றியதாக அவரே தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். யூனியன் ஜாக் கொடியை முறைப்படி இறக்குவதும் முதலில் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அது பிரிட்டிஷாரின் மனத்தைப் புண்படுத்தும் என்று மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொள்ள, நேரு சம்மதித்து அதை நீக்கிவிட்டார்.

செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது ஆகஸ்ட் 16 காலையில். 1948இலிருந்துதான் அது ஆகஸ்ட் 15 அன்றே நடக்கிறது. அந்தக் கோட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் உண்டு. 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை விசாரித்ததும், 1945இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் அங்கேதான்.

ஆகஸ்ட் 15ஐத் தேர்ந்தெடுத்தது நம் தலைவர்களா?

மவுண்ட்பேட்டன். 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை ஒப்படைப்போம் என்றுதான் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரி 20 அன்று அறிவித்திருந்தார். பிரிவினைத் திட்டம் ஜூன் 3 அன்று வெளியானது. மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15 வாக்கில் என்று சொல்லிவிட்டார். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அறிவித்தபோது தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதி அவர்தான். அந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மனத்தில் பட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

தென்கொரியாவும் ஆகஸ்ட் 15ஐத்தான் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. அதுவும் அதே ஜப்பானியச் சரணடைவால் வந்த நாள். எனவே இரண்டு நாடுகளுக்கும் ஒரே தேதி அமைந்தது வெறும் தற்செயல் இல்லை.

தேதி இப்படி முடிவானதால் ஒரு நாட்டை இரண்டாகப் பிரிக்கக் கிடைத்த அவகாசம் பத்து வாரம் மட்டுமே. ரயில் பெட்டி, ராணுவம், கஜானா, நூலகப் புத்தகங்கள் வரை அதற்குள் பங்கு பிரித்தார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் அந்த அவசரத்துக்கு மக்கள் கொடுத்த விலையை நினைக்காமல் இந்தத் தேதியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஜோதிடர்கள் சொன்னதால்தான் நள்ளிரவு என்று முடிவானதா?

இதில் உண்மை உண்டு. 15ஆம் தேதி நாள் சரியில்லை என்று ஜோதிடர்கள் பலர் எதிர்த்தார்கள். தேதியை மாற்ற முடியாத நிலையில், 14ஆம் தேதி இரவே சபையைக் கூட்டி நள்ளிரவில் உறுதிமொழி எடுப்பது என்று ஏற்பாடானது. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும் என்பதால் அது இரு தரப்புக்கும் ஒத்துப்போனது. மவுண்ட்பேட்டனின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியே இந்தச் சிக்கலைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அதே சமயம், ஆகஸ்ட் 15 முதல் என்று சட்டத்திலேயே இருந்ததால், நாள் பிறக்கும் நள்ளிரவு சட்டக் கணக்குக்கும் பொருந்தியது. ஜோதிடம் மட்டுமே காரணம் என்பது மிகை.

காந்தி அன்று டெல்லியில் கொண்டாட்டத்தில் இருந்தாரா?

இல்லை. கல்கத்தாவில், பெலியாகட்டா பகுதியில் ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில் இருந்தார். வங்காளத்தின் முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ராவர்தியும் அவரோடு அதே வீட்டில் தங்கியிருந்தார். மதக் கலவரத்தில் எரிந்த நகரத்தில் இரு சமூகங்களும் சேர்ந்து வாழ முடியும் என்று காட்டவே அந்த ஏற்பாடு. சுதந்திர நாளை காந்தி உண்ணாவிரதம், பிரார்த்தனை, நூல் நூற்பு என்று கழித்தார்.

செங்கோலைக் கொடுத்துத்தான் மவுண்ட்பேட்டன் நேருவிடம் ஆட்சியை ஒப்படைத்தாரா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் உணர்ச்சிவசப்படுகிறார்கள்.

உறுதியாகத் தெரிந்தவை: திருவாவடுதுறை ஆதீனம் சார்பில் தங்க முலாம் பூசிய செங்கோல் ஒன்று செய்யப்பட்டது. செய்தவர்கள் சென்னையின் உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையினர். ஆதீனத்தின் தூதுவர்கள் டெல்லி சென்று 1947 ஆகஸ்ட் 14 மாலை நேருவின் வீட்டில் அதை அவரிடம் வழங்கினார்கள். அமெரிக்காவின் டைம் பத்திரிகை அதே மாதம் இதை விவரமாக எழுதியது. முன்னால் நாகஸ்வரம் ஒலிக்க, ஐந்தடி நீளச் செங்கோலோடு துறவிகள் வந்தார்கள். தஞ்சையிலிருந்து கொண்டுவந்த புனித நீரை நேரு மீது தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பீதாம்பரம் போர்த்திச் செங்கோலைக் கொடுத்தார்கள். அன்று காலை நடராஜருக்குப் படைத்து விமானத்தில் கொண்டுவந்த சோற்றையும் பிரசாதமாகத் தந்தார்கள்.

மவுண்ட்பேட்டன் செங்கோலைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தார் என்பதும், அதுவே ஆட்சி மாற்றத்தின் அரசுமுறைச் சடங்கு என்பதும் பிற்காலத்தில் பெருகிய பகுதிகள். அவற்றுக்கு அந்நாளைய அரசுப் பதிவுகளில் சான்று இல்லை. 14ஆம் தேதி மவுண்ட்பேட்டன் கராச்சியில் பாகிஸ்தான் சபையில் உரையாற்றிவிட்டு அதன் பிறகுதான் டெல்லி திரும்பினார். ஆட்சி மாற்றம் சட்டப்படி நடந்தது 1947 இந்திய சுதந்திரச் சட்டத்தால். அதற்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது ஜூலை 18 அன்று.

அந்தச் செங்கோல் பல பத்தாண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. இது குறித்த வாதம் புதிதாகக் கிளம்பியதும் அல்ல. 1947 ஆகஸ்டிலேயே அண்ணா தம் ‘திராவிட நாடு’ இதழில் மடங்கள் ஆட்சியாளருக்குச் செங்கோல் தருவதன் உள்நோக்கத்தைக் கேள்வி கேட்டு எழுதிவிட்டார். தமிழ்நாட்டு மடம் ஒன்று புதிய அரசை வாழ்த்தியதும் நம் வரலாறு, அதைத் தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவர் உடனே கேள்வி கேட்டதும் நம் வரலாறு. கூட்டிக் குறைக்காமல் இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒருவர் கொடியேற்றினார் என்கிறார்களே, அது கட்டுக்கதையா?

கேட்டால் சினிமாக் காட்சி போல இருக்கும், ஆனால் நடந்தது. ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம், 1932 ஜனவரி 26ஐ ஒட்டிய இரவில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மிக உயரமான கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். சுற்றிலும் ராணுவக் காவல். பொழுது விடிந்தபோது யூனியன் ஜாக் பறக்க வேண்டிய இடத்தில் காங்கிரஸ் கொடி பறந்தது. பாஷ்யம் பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் அறியப்பட்டார். சென்னையில் சுதந்திர தினத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொரு மேடையிலும் சொல்லப்பட வேண்டிய பெயர் இது. சொல்கிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அதே கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

பாகிஸ்தானுக்கு ஒரு நாள் முன்னதாகவே சுதந்திரம் கிடைத்ததா?

இல்லை. சட்டத்தின்படி இரண்டு நாடுகளும் பிறந்தது ஆகஸ்ட் 15 அன்று. ஜின்னா வானொலியில் பேசும்போது ஆகஸ்ட் 15ஐத்தான் பாகிஸ்தானின் பிறந்தநாள் என்றார். 1948இல் வெளியான அந்நாட்டின் முதல் சுதந்திர அஞ்சல்தலைகளிலும் 15 ஆகஸ்ட் 1947 என்றே அச்சாகியிருக்கிறது. அந்த ஆண்டுதான் அரசு கொண்டாட்டத்தை 14ஆம் தேதிக்கு மாற்றியது. கராச்சியில் விழா நடந்தது 14ஆம் தேதி என்பதால் நாளடைவில் அதுவே நிலைத்துவிட்டது.

அன்று இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் விடுதலை அடைந்ததா?

இல்லவே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விஷயத்தில்தான் நிறையச் சங்கதி இருக்கிறது.

முதலில் எல்லைக்கோடு. எல்லை ஆணையத்தின் தலைவரான பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் வரைந்த எல்லை ஆகஸ்ட் 15க்கு முன்பே தயாராகிவிட்டது, ஆனால் வெளியிட்டது 17ஆம் தேதி. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே லட்சக்கணக்கானோர் சுதந்திர தினம் கொண்டாடினார்கள். வங்காளத்தில், முஸ்லிம்கள் மிகுந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது, பிறகு அது இந்தியாவுக்கு வந்தது. குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது, அது பாகிஸ்தானுக்குப் போனது. மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் சில ஊர்கள் இன்றும் ஆகஸ்ட் 18 அன்று கொடியேற்றிக் கொண்டாடுகின்றன. அவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள் என்பது உறுதியான நாள் அது.

மன்னர்கள் ஆண்ட சமஸ்தானங்களின் கதையும், வேறு ஐரோப்பியர் பிடியில் இருந்த பகுதிகளின் கதையும் வேறு. காஷ்மீர் மன்னர் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1947 அக்டோபர் 26. ஹைதராபாத் நிஜாம் பணிந்தது 1948 செப்டம்பர் 17. போர்ச்சுக்கீசியரிடமிருந்து கோவா மீண்டது 1961 டிசம்பர் 19.

நம் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. டெல்லியில் சங்கு முழங்கிய இரவில் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போராட்டம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள், மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதனால் புதுச்சேரிக்காரர்கள் ஆகஸ்ட் 15க்கு மறுநாள் கீழூர் நினைவிடத்தில் இன்னொரு கொடியேற்றம் நடத்துகிறார்கள், நவம்பர் 1ஐ விடுதலை நாளாகவும் கொண்டாடுகிறார்கள். திண்டிவனத்துக்கும் கடலூருக்கும் நடுவே இவ்வளவு பெரிய வரலாறு நடந்திருக்க, டெல்லி இரவை மட்டுமே சுதந்திரம் என்று சொல்லிக்கொடுப்பது பெரிய குறை.

இந்தியாவுக்குக் கிடைத்தது 99 வருஷக் குத்தகைதானாம், உண்மையா?

பொய். இந்திய சுதந்திரச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ரகசிய ஒப்பந்தம் என்பார்கள். ஆதாரம் கேட்டால் இன்னொரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார்கள். உலகில் அப்படி 99 வருஷக் குத்தகையில் இருந்தது ஹாங்காங்கின் ஒரு பகுதி. 1898இல் குத்தகைக்கு விட்டு 1997இல் சீனாவிடம் திரும்பியது.

இந்த வதந்தியை முறிக்க அரசியல் சட்டத்தின் 395ஆம் பிரிவே போதும். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய அந்த 1947 சுதந்திரச் சட்டத்தை நம் அரசியல் சட்டம் அங்கே ரத்து செய்துவிட்டது. நம் சுதந்திரம் அவர்கள் சட்டத்தின் தயவில் நிற்கக் கூடாது என்று தெரிந்தே எழுதிய பிரிவு அது.

ஒன்று மட்டும் உண்மை. 1947 ஆகஸ்ட் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியனாக, அதாவது பிரிட்டிஷ் மன்னரையே தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடாக இருந்தது. ஆறாம் ஜார்ஜே பெயரளவில் மன்னர். மக்கள் கையில் புழங்கிய நாணயங்களில் 1950 வரை அவர் தலைதான் இருந்தது. மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் பதவியில் மவுண்ட்பேட்டனுக்குப் பின் 1948 ஜூன் முதல் கடைசிவரை இருந்தவர் ராஜாஜி. ஆட்சி முழுக்க இந்திய அமைச்சரவையின் கையில்தான் இருந்தது, கோவைக்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தார்.

அரசியல் சட்டம் எழுதி முடிந்த நாள்தானே ஜனவரி 26?

எழுதி ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. அதன்பின் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். காரணம் ஜனவரி 26 என்ற நாளுக்கு இருந்த பழைய மதிப்பு.

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராகச் சுதந்திர உறுதிமொழி வாசித்தார்கள். அதிலிருந்து 1947 வரை ஆண்டுதோறும் சுதந்திர தினம் என்றால் ஜனவரி 26தான். தடியடிக்கும் சிறைக்கும் நடுவே கொடியேற்றிய நாள். ஆர்யா பாஷ்யம் கோட்டைக் கொடிமரம் ஏற அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். வந்த சுதந்திரத்துக்கு ஆங்கிலேயர் குறித்த தேதி அமைந்துவிட, மக்கள் தாமே குறித்த தேதியைக் குடியரசுக்கு வைத்தார்கள். இரண்டில் மூத்தது ஜனவரி 26 என்று சொன்னால் பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

முதல் குடியரசு தின அணிவகுப்பு டெல்லி ராஜபாதையில் நடந்தது என்பதும் தவறு. 1950இல் அது இர்வின் மைதானத்தில் நடந்தது, இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ சிறப்பு விருந்தினர். ராஜபாதை நிரந்தர இடமானது 1955இல்.

ஜன கண மன ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்து எழுதியதா?

1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் அது முதன்முதலில் பாடப்பட்டது. அதே மாதம் மன்னர் இந்தியா வந்திருந்தார். அதே மாநாட்டில் அவரை வரவேற்றுத் தீர்மானம் போட்டார்கள், அவரைப் புகழ்ந்து வேறொரு இந்திப் பாட்டும் பாடினார்கள். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி, தாகூர் மன்னரை வாழ்த்திப் பாடினார் என்று எழுதிவிட்டன. வதந்தியின் வேர் அதுதான்.

1937இல் தாகூரே ஒரு கடிதத்தில் விளக்கினார். மன்னருக்காகப் பாட்டு எழுதித் தரும்படி அரசுச் செல்வாக்குள்ள நண்பர் ஒருவர் கேட்டது தம்மைக் கலங்க வைத்ததாகவும், பாட்டில் வரும் பாரத பாக்கிய விதாதா யுகம் யுகமாக மனிதரை வழிநடத்தும் இறைவன் என்றும், எந்த ஜார்ஜும் அந்த இடத்துக்கு வர முடியாது என்றும் எழுதினார். எழுதியவரின் சொல்லை விட்டுவிட்டு, அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகையை நம்புவது நியாயமா?

1919இல் தாகூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு வந்து பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் தங்கியபோது அங்கேயே இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அக்கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் அதன் மெட்டை இசைக்குறிப்பாக எழுதிவைத்தார். 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதமானது.

யுனெஸ்கோ அதை உலகின் சிறந்த தேசிய கீதம் என்று அறிவித்ததா?

அறிவிக்கவில்லை. யுனெஸ்கோ எந்த நாட்டுக் கீதத்துக்கும் அப்படி மதிப்பெண் போடுவதில்லை.

கொடியை வடிவமைத்தவர் பிங்காலி வெங்கையா ஒருவர்தானா? மூன்று நிறம் மூன்று மதத்தைக் குறிக்கிறதா?

1921இல் விஜயவாடா காங்கிரஸ் கூட்டத்தில் காந்தியிடம் சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியைக் கொடுத்தவர் வெங்கையா. வெள்ளையும் ராட்டையும் காந்தியின் விருப்பத்தால் சேர்ந்தன. 1931இல் காங்கிரஸ் அதைக் காவி, வெள்ளை, பச்சை என்று மாற்றியது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரத்தோடு ஏற்றது. அந்தக் கடைசி வடிவத்தில் பத்ருதீன் தயாப்ஜி, சுரையா தயாப்ஜி தம்பதியின் பங்கும் பேசப்படுகிறது. பல கை பட்டு வந்த கொடி.

நிறங்களுக்கு மதப் பொருள் 1921இல் இருந்தது. அது பிளவுக்கு இடம் தருகிறது என்பதால்தான் 1931 தீர்மானம், நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆகவே இன்றைய கொடிக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

இந்தியாவின் முதல் பிரதமர் நேதாஜி என்கிறார்களே?

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார், அதன் தலைவர் அவரே. அதற்கும் முன்னால் 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைவராகவும் பரக்கத்துல்லா பிரதமராகவும் ஒரு தற்காலிக அரசு அமைந்தது. இவை நாட்டுக்கு வெளியே நடந்த வீரம் மிக்க முயற்சிகள். இந்தியாவை ஆண்ட அரசின் முதல் பிரதமர் நேருதான். ஒருவர் பெருமையைச் சொல்ல இன்னொருவரைத் தள்ளத் தேவையில்லை.

நேதாஜியின் தற்காலிக அரசின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி சென்னையில் வளர்ந்தவர். அவருடைய தாய் அம்மு சுவாமிநாதன் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போய் அரசியல் சட்டம் உருவாக உழைத்தவர். மகள் போர்க்களத்தில், தாய் சட்ட சபையில். இந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலே போதும், ஒரு பள்ளி விழா நிறைந்துவிடும்.

பாரதியார் சுதந்திரம் கிடைத்த மகிழ்ச்சியில் பாடினாரா?

பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று அவர் பாடியது, அது வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே. வரப்போவதை வந்துவிட்டதாகவே பாடிய நெஞ்சுறுதி அது. சுதந்திர தினத்தில் அந்தப் பாட்டைச் சென்னை வானொலியில் டி.கே.பட்டம்மாள் பாடினார். யானை மிதித்து பாரதி இறந்தார் என்பதும் தவறு. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியதில் காயப்பட்டுத் தேறினார், பிறகு நோய்வாய்ப்பட்டே மறைந்தார்.

திராவிட இயக்கம் முழுவதும் அன்று துக்க நாள் கொண்டாடியதா?

பெரியார் துக்க நாள் என்று அறிவித்தார். ஆட்சி வெள்ளையரிடமிருந்து வடநாட்டார், பார்ப்பனர் கைக்கு மாறுகிறது என்பது அவர் வாதம். அண்ணா அதை வெளிப்படையாக மறுத்து, இன்ப நாள்தான் என்று எழுதினார். அந்நியர் இருவரில் ஒருவர் வெளியேறுவது மகிழ்ச்சிக்குரியதே என்றும், விடுதலைப் போராட்டத்தை எதிர்த்தவர்கள் என்ற பழி இயக்கத்துக்கு வரக் கூடாது என்றும் கருதினார். இருவருக்கும் இடையே வளர்ந்த விரிசல்களில் இதுவும் ஒன்று. 1949இல் தி.மு.க. பிறந்தது.

ஹாக்கி தேசிய விளையாட்டு, இந்தி தேசிய மொழி, காந்தி தேசத் தந்தை – இவை சட்டப்படியா?

மூன்றுக்கும் சட்ட ஆணை இல்லை. தேசிய விளையாட்டு என்று எதையும் அறிவிக்கவில்லை என 2012இல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு மத்திய அரசே பதில் தந்தது. அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது, தேசிய மொழி என்று ஒன்றும் கிடையாது. தேசத் தந்தை என்பது 1944இல் நேதாஜி வானொலி உரையில் காந்தியை அழைத்த விதம். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

எத்தனை தேசிய விடுமுறைகள்?

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் மே 1ஐயும் சேர்க்கிறது. இந்த நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு தொழிலாளியின் உரிமை.

முதலமைச்சர்கள் ஆரம்பத்திலிருந்தே கோட்டையில் கொடியேற்றுகிறார்களா?

1973 வரை மாநிலங்களில் ஆளுநர்களே ஏற்றினார்கள். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் முதலமைச்சர் ஏற்றுவதுதானே முறை என்று கருணாநிதி பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். 1974 ஆகஸ்ட் 15 முதல் நாடு முழுவதும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். குடியரசு தினத்தில் ஆளுநர்.

இப்படி ஒரு செய்தி வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

தேதி, இடம், பதிவு செய்தவர் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். ஒரு தலைவர் சொன்னதாக வந்தால், எந்த ஆண்டு, எந்த மேடை என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். அரசியல் நிர்ணய சபையில் யார் என்ன பேசினார் என்பது வார்த்தை வார்த்தையாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகஸ்ட் 14 இரவுக் கூட்டத்தை அதில் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்கப் படித்துவிடலாம். பிரிட்டிஷ் அரசும் அதிகார மாற்ற ஆவணங்களைப் 12 தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தி என்றால் எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்தக் காலத் தமிழ் இதழ்களை அங்கே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.